அப்ரைசலில் தப்பு: பேசுவதா, எழுதுவதா, மேலே போவதா?

நீலகிரியில் அப்ரைசல் வரும் நேரமே கோளாறானது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் மேனேஜர்கள் மதிப்பீட்டை எழுத உட்காருகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஓட்டல்களுக்கு அதுதான் சீசன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கோ கோடை மழைக்குப் பிறகு கொழுந்து குவிகிற காலம். ஆள் பற்றாக்குறைக்கு நடுவே, ஒரு வருட வேலையைப் பற்றிப் பத்து நிமிடத்தில் எழுதிய காகிதத்தில் தப்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தப்பு இருக்கிறது என்று தெரிந்தபின் என்ன செய்வது? கையெழுத்துப் போட்டு விட்டுவிடலாம். மேனேஜரிடம் பேசலாம். எழுத்தில் மறுப்புக் கொடுக்கலாம். அவருக்கு மேலே இருப்பவரிடமோ எச்.ஆரிடமோ முறையிடலாம். குறைதீர்ப்புக் குழு, சங்கம், தொழிலாளர் துறை என்று போகலாம். வேறு வேலையும் தேடலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் மேனேஜரிடம் பேசுவதும், கையோடு ஒரு பக்க மறுப்பை எழுதிக் கோப்பில் சேர்ப்பதும் போதும். அந்த இரண்டிலும் கேட்க வேண்டியது தகவலைத் திருத்தும்படி. ரேட்டிங்கை ஏற்றும்படி கேட்கக் கூடாது.

காரணம் எளிது. பல நிறுவனங்களில் ரேட்டிங்குக்கு ஒதுக்கீடு உண்டு. இத்தனை பேருக்கு நாலு, இத்தனை பேருக்கு மூன்று என்று மேலிடம் முன்பே பிரித்துவிடும். மூன்றை நாலாக்கச் சொன்னால், இன்னொருவரின் நாலை மூன்றாக்கச் சொல்வதாக மேனேஜர் காதில் விழும். அதற்காக அவர் தன் மேலதிகாரியிடம் மல்லுக்கட்ட வேண்டும். ‘நவம்பர் மாதக் கணக்கு இப்படி இருக்கிறது, பதிவேட்டில் அப்படி இருக்கிறது’ என்றால் அவர் முகம் கோணாமல் திருத்தலாம். தகவல் திருந்தியபின் பழைய ரேட்டிங்கைத் தாங்கிப் பிடிப்பது அவருக்கே கஷ்டம். அப்படியே அது மாறாவிட்டாலும், அடுத்த வருடம் பதவி உயர்வுக்காகக் கோப்பைத் திறப்பவர் பார்ப்பது திருத்திய வரியைத்தான்.

எந்த வகைத் தப்பு?

வழியைத் தேர்வு செய்யும் முன் தப்பின் வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணக்குத் தப்பு ஒன்று. கணிப்புத் தப்பு ஒன்று. உள்நோக்கத்தோடு எழுதியது ஒன்று. முதல் வகையைத் திருத்துவது சுலபம். இரண்டாவதில் பாதி தேறும். மூன்றாவதை முதல் வகையின் வழியாகத்தான் நெருங்க முடியும். ‘என்மேல் காழ்ப்பு’ என்று எழுதினால் நிரூபிக்க வேண்டியது ஒரு மனிதரின் மனது. ‘இந்த எண் தவறு’ என்று எழுதினால் நிரூபிக்க வேண்டியது ஒரு பதிவேடு.

கணக்குத் தப்புகள் இந்த மலையில் எப்படி நுழைகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கீழே சமவெளியில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு இவை தெரிவதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கரை, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவரை, மதிப்பிடும் முக்கிய எண் அவுட்டர்ன்: நூறு கிலோ கொழுந்துக்கு எத்தனை கிலோ தூள். 23 சதவீதம் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். மழையில் பறித்த கொழுந்தின் மேல் தண்ணீர் நிற்கும். தராசில் ஏறும் நூறு கிலோவில் பத்து கிலோ தண்ணீர் என்றால், உள்ளே இருக்கும் கொழுந்து தொண்ணூறு கிலோதான். அதிலிருந்து 23 சதவீதம் என்றால் 20.7 கிலோ. தண்ணீருக்குக் கழிக்காமல் வரவு வைத்திருந்தால், டீ மேக்கர் குறையே இல்லாமல் வேலை பார்த்தும் ஏட்டில் 20.7 என்றுதான் நிற்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் இது ஜூன், ஜூலையில் தலைகாட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில். மாதவாரியாக எடுத்து வைத்தால் எந்த மாதத்தில் எண் விழுந்தது, அது மழை மாதமா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வருட சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

தோட்டத்தில் ஃபீல்ட் ஆபீசரின் மகசூல் கணக்கிலும் இதே கதை. அவர் பொறுப்பில் இருந்த தேயிலைக் காட்டில் ஒரு பகுதியைக் கவாத்து வெட்டியிருந்தால், அதாவது செடிகளைக் குறுக வெட்டியிருந்தால், அங்கே சில மாதங்களுக்குப் பறிப்பே இருக்காது. அந்த வருட மகசூலும் குறையும். முந்தைய வருடத்தோடு அப்படியே ஒப்பிட்டால் ‘உற்பத்தி சரிவு’ என்று வரும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய பரப்பு, மழைக்காலத்தில் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கவாத்துப் பரப்பையும் பனி பட்ட பரப்பையும் நீக்கி, மீதிப் பரப்பில் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட்டுக் காட்டுவதே சரியான பதில்.

ஓட்டலில் ஆக்குபன்சி, அதாவது அறைகள் நிரம்பும் சதவீதம். நாற்பது அறை உள்ள விடுதியில் ஒரு மாதம் விற்றது 714 அறை-இரவுகள். முப்பது நாளுக்கு 1,200 இரவுகள் என்று வகுத்தால் 59.5 சதவீதம். ஆனால் அந்த மாதம் ஆறு அறைகள் ஒழுகல், பெயின்ட் என்று பூட்டிக் கிடந்திருந்தால் விற்கக் கிடைத்தது 1,020 இரவுகளே, சதவீதம் 70. விற்பனை ஊழியரின் தலையில் விழுந்த பத்து சதவீதப் புள்ளிகள் உண்மையில் பராமரிப்புப் பிரிவின் கணக்கு. இ-பாஸ் விஷயமும் இப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீலகிரிக்கு வரம்பும் விதித்தார்கள். வரம்புக்கு முன் நிர்ணயித்த இலக்கை வரம்புக்குப் பின் அப்படியே வைத்து அளந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அதே வரம்புக்குள் பக்கத்து ஓட்டல் நன்றாக ஓடியிருந்தால், மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர்களுக்கு லாகின் நேரம். மலைப்பாதையில் மண் சரிந்து கேபிள் அறுந்தால் இரண்டு நாள் இணைப்பு இருக்காது. அது ‘முன்னறிவிப்பில்லாத விடுப்பு’ என்று பதிவாகியிருக்கும். இணைய நிறுவனத்துக்குக் கொடுத்த புகார் எண்ணும், அன்று மேனேஜருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியும் இருந்தால் அந்த வரி நீங்கிவிடும்.

இவை தவிர எங்கும் நடக்கும் தப்புகள் உண்டு: போன வருடச் சம்பவத்தை இந்த வருடத்தில் எழுதுவது, இன்னொருவர் செய்த பிழையை உங்கள் பெயரில் போடுவது, நடுவில் மாறிய இலக்கைப் பழைய எண்ணோடு அளப்பது, பிரசவ விடுப்பு மாதங்களையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுப்பது, மேனேஜர் பிப்ரவரியில் மாறி வந்து முழு வருடத்துக்கும் கருத்து எழுதுவது. கடைசியதற்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. மத்திய அரசுப் பணியில், ஒருவரின் வேலையைக் குறைந்தது மூன்று மாதமாவது மேற்பார்த்திருந்தால்தான் மதிப்பீட்டு அலுவலர் அறிக்கை எழுதலாம். தனியார் நிறுவனத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. என்றாலும் ‘முந்தைய மேனேஜரின் குறிப்பையும் வாங்கிச் சேருங்கள்’ என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

கணிப்புத் தப்பு என்பது ‘ஒத்துழைப்பதில்லை’, ‘முன்முயற்சி குறைவு’ போன்ற வரிகள். இவற்றை மறுக்கக் கூடாது. உதாரணம் கேட்க வேண்டும். எந்தத் தேதி, எந்த வேலை என்று கேட்டால், ஒன்று தெளிவான சம்பவம் வரும், அதற்குப் பதில் சொல்லலாம். அல்லது எதுவும் வராது, அதையே பின்னர் எழுத்தில் குறிப்பிடலாம்.

விட்டுவிடுவதன் விலை

விட்டுவிடுவதும் ஒரு வழிதான். சில நேரம் அதுவே புத்திசாலித்தனம். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். மாதச் சம்பளம் 28,000 ரூபாய். நல்ல ரேட்டிங்குக்கு 8 சதவீதம், சுமாருக்கு 4 சதவீதம் இன்கிரிமென்ட் என்றால் வித்தியாசம் மாதம் 1,120, வருடத்துக்கு 13,440. இது ஒரு வருடத்தோடு போவதில்லை. அடுத்த வருட உயர்வு குறைந்த அடிப்படையின் மேல்தான் ஏறும். அடுத்தடுத்த வருடங்களில் 8 சதவீதமே கிடைத்தாலும், ஐந்து வருடத்தில் இழப்பு கிட்டத்தட்ட 79,000 ரூபாய். பி.எஃப்., கிராஜுவிட்டி இதற்கு வெளியே.

மாறாக, சம்பள ஒப்பந்தப்படி எல்லோருக்கும் ஒரே உயர்வு கிடைக்கும் தோட்ட ஸ்டாஃபுக்கு ரேட்டிங் உடனே பணத்தைத் தொடாது. பதவி உயர்வுக்கோ இடமாற்றத்துக்கோதான் அதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டும் இன்னும் மூன்று வருடத்துக்கு இல்லை, தப்பும் சின்னது என்றால் சண்டை வேண்டாம். ஒரு வரிக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த ஒரு வரியை மட்டும் யாரும் விடக் கூடாது. கையெழுத்துக்குப் பக்கத்தில்: ‘பெற்றுக்கொண்டேன். பிரிவு 3-ஐ ஏற்கவில்லை.’ தேதி. கையெழுத்து என்பது பொதுவாகப் பெற்றதற்கான அடையாளம்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே காகிதத்தைக் காட்டி ‘அன்றைக்கு ஒப்புக்கொண்டாரே’ என்று சொல்வதுண்டு. கையெழுத்தே போட மாட்டேன் என்று மறுப்பது மோசமான யோசனை. மதிப்பீட்டில் இருக்கும் தப்பை விட்டுவிட்டு உங்கள் நடத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆன்லைன் படிவம் என்றால் ஒப்புதல் பொத்தானை அழுத்தும் முன் கருத்துப் பெட்டியில் இதை எழுதி, பக்கத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டும். சில மென்பொருள்கள் அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும். பிறகு படிக்க மட்டும்தான் முடியும்.

பேசுவது

இதன் பலம் வேகம். ரேட்டிங் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் பூட்டப்படும் முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதற்குள் சொன்னால் மேனேஜர் தானே மாற்றிவிடலாம். பூட்டியபின் அதே திருத்தத்துக்கு மூன்று பேர் ஒப்புதல் வேண்டும். ஆகவே எச்.ஆரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘பட்டியல் எந்தத் தேதியில் முடிகிறது?’

பேசப் போகும் நேரத்தைப் பார்த்துப் போகவும். ஓட்டலில் செக்-அவுட் நேரத்திலும், தொழிற்சாலையில் கொழுந்து லாரி வரும் நேரத்திலும் போய் நின்றால் ‘அப்புறம் பார்ப்போம்’ என்பதே பதில். இருபது நிமிடம் கேட்டு நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. ஆரம்பம் இப்படி இருக்கலாம்: ‘சார், நவம்பர் அவுட்டர்ன் கணக்குல ஒரு விஷயம் பார்த்தேன். பதிவேட்டோட ஒத்துப்போகல. உங்ககிட்ட காட்டிட்டு என்ன செய்யலாம்னு கேக்கலாம்னு வந்தேன்.’ ‘எனக்கு எப்படி சார் மூணு போட்டீங்க?’ என்று ஆரம்பித்தால் அவர் மூன்றுக்கு நியாயம் தேடத் தொடங்குவார். ஒருமுறை வாயால் நியாயம் சொன்னபின் அதிலிருந்து இறங்குவது யாருக்கும் எளிதல்ல.

இரண்டு விஷயத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ஏழு குறை கொண்டுபோனால் அதில் மிக பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறையும் தள்ளிவிடுவார்கள். சக ஊழியரின் ரேட்டிங்கைப் பேச்சில் இழுக்கவே கூடாது. சரியான பகுதிகளைச் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். ‘பயிற்சி முடிக்காதது என் தவறுதான்’ என்று சொன்னவரின் அடுத்த வரிக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கிறது.

பேச்சின் பலவீனம், அது காற்றோடு போய்விடும் என்பது. ‘சரி, அடுத்த தடவை பார்த்துக்கறேன்’ என்பார்; ஆகஸ்டில் அவரே மாற்றலாகிப் போய்விடுவார். அன்று மாலைக்குள் நாலு வரி மின்னஞ்சல் போக வேண்டும்: இன்று பேசியது இது, நீங்கள் சொன்னது இது, தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும். மரியாதையான மொழியில் இருந்தால் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுத்து மறுப்பு

எல்லா வழிகளிலும் செலவு குறைந்து பயன் நீடிப்பது இதுவே. மேனேஜர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ரேட்டிங் மாறாமலே இருக்கலாம். ஆனால் அந்த மதிப்பீட்டைப் பிறகு யார் எடுத்தாலும், கூடவே உங்கள் பக்கமும் வரும். ‘திறமைக் குறைவு’ என்று சொல்லி வேலையை விட்டு நீக்கும் நிலை வந்தால், அப்போது கண்டுபிடித்த விளக்கத்தைவிட அன்றே தேதியோடு கொடுத்த மறுப்புக்குத்தான் எடை அதிகம்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு தப்புக்கும் நாலு விஷயம்: மதிப்பீட்டில் என்ன எழுதியிருக்கிறது (வார்த்தை மாறாமல்), பதிவேடு என்ன சொல்கிறது, அது எங்கே இருக்கிறது, நீங்கள் கேட்பது என்ன. மேலே சொன்ன டீ மேக்கருக்கு அது இப்படி வரும்:

‘2024–25 மதிப்பீடு, பிரிவு 3. “அக்டோபர், நவம்பர் அவுட்டர்ன் 20.7 சதவீதம், இலக்கு 23” என்று உள்ளது. இந்த இரு மாதங்களிலும் கொழுந்து, தண்ணீருக்குக் கழிக்காமல் வரவு வைக்கப்பட்டது. கொழுந்து வரவுப் பதிவேடு, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை, இதைக் காட்டும். மற்ற மழை மாதங்களில் கழித்த அதே 10 சதவீதத்தைக் கழித்தால் அவுட்டர்ன் 23. இவ்வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால் இக்குறிப்பை மதிப்பீட்டுடன் இணைத்து, இணைத்ததைத் தெரிவிக்கவும்.’

இதில் ‘அநியாயம்’, ‘மன உளைச்சல்’, ‘பழிவாங்கல்’ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுப்பைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்தச் சொற்கள்தான். இரண்டு வருடம் கழித்துப் படிப்பவருக்கு உங்களையும் தெரியாது, மேனேஜரையும் தெரியாது. கோபமான கடிதத்தைப் பார்த்தால் கோபக்காரர் ஒருவர்தான் அவர் மனதில் பதிவார். எழுதியதை ஒரு இரவு வைத்திருந்து, பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டு அனுப்பலாம்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு குழி இருக்கிறது. கம்பெனிக் கணக்குகளையும் வாடிக்கையாளர் விவரங்களையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. பல நிறுவனங்களில் அது தனிக் குற்றம்; சரியான மறுப்பு கொடுத்தவர் கடைசியில் தகவல் கசிவுக்காக விளக்கம் எழுதும் நிலை வரும். உங்களுக்கே கொடுத்த மதிப்பீட்டின் நகல், உங்கள் மறுப்பு, அதைப் பெற்றதற்கான பதில் ஆகியவை உங்களிடம் இருந்தால் போதும். மற்றவற்றுக்குப் பதிவேட்டின் பெயர், தேதி, பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது அவர்களே எடுத்துப் பார்க்கட்டும்.

காகிதத்தில் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றவரின் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். எஸ்டேட் ஆபீசில் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு வந்தால் அது எந்தக் கோப்பில் போனது என்று பிறகு தெரியாது. கொடுத்துப் பதினைந்து நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

மேலே போவது

மேனேஜரின் மேலதிகாரியிடமோ எச்.ஆரிடமோ முறையிடுவது மூன்று நிலைமைகளில்தான் பேச்சைவிட மேல்: மேனேஜர் பதிவேட்டைப் பார்க்கவே மறுக்கிறார், தப்பின் மூலமே அவர்தான், அதாவது அவருடைய பிழை உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது, அல்லது இந்த ரேட்டிங்கை வைத்து உடனடியாக ஒரு முடிவு வரப்போகிறது. மற்ற நேரத்தில் இது அவசரம்.

மேலே போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். நீலகிரி சின்ன இடம். ஓட்டல் மேனேஜர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். தோட்டத் துரைமார், அதாவது எஸ்டேட் மேனேஜர்கள், கிளப்பில் சந்திக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் போன விஷயம் அன்று மாலையே திரும்பி வந்துவிடும். எச்.ஆர். பெரும்பாலும் கோவையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கவாத்தும் தெரியாது, உறைபனியும் தெரியாது. அவருக்கு அனுப்பும் குறிப்பில் ஒரு வாக்கியம் கூடுதலாக விளக்க வேண்டியிருக்கும். இன்னொன்று: எச்.ஆர். நடுவர் அல்ல, நிறுவனத்தின் ஆள். முறை தவறியிருந்தால், அதாவது சுய மதிப்பீடு வாங்கவில்லை, இலக்கைத் தெரிவிக்கவில்லை, நடுவருட ஆய்வு நடக்கவில்லை என்றால், அவர் உடனே காது கொடுப்பார். கணிப்பைப் பற்றிய தகராறு என்றால் மேனேஜர் பக்கமே சாய்வார்.

குழு, சங்கம், சட்டம்

தனியார் வேலையில் ஒரு ரேட்டிங்கை மட்டும் மாற்றச் சொல்லி நீதிமன்றம் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் பேச்சுக் கதவு மூடும். காலமும் காசும் இன்கிரிமென்டைத் தாண்டும். இடைநிலையில் ஒரு வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, இருபதோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். குறை ஏற்பட்ட ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம்; குழு முப்பது நாளில் முடிக்க வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றாலோ, காலக்கெடு தாண்டினாலோ, அறுபது நாளுக்குள் தாம் சேர்ந்திருக்கும் சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். சங்கத்தில் இல்லாதவருக்கு இந்தக் கடைசிப் படி இடறும்.

‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் நீங்கள் வர வேண்டும் என்பதே இதில் முக்கியம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வெளியே. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வெளியே. பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையே இங்கு கணக்கு. ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று அட்டை குத்திக்கொண்டு முழு நாளும் பில் போடுபவர் உள்ளே வர வாய்ப்புண்டு.

மோசமான மதிப்பீட்டுக்குப் பின்னால் பாலியல் தொந்தரவு இருந்தால் கதை முற்றிலும் வேறு. அப்போது மேலே சொன்ன பொறுமையான படிகள் பொருந்தாது. பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் 8-வது விதி, விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிடுவதையோ இரகசியக் குறிப்பு எழுதுவதையோ தடுத்து, அதை வேறு அலுவலரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை உள் புகார்க் குழுவுக்குக் கொடுக்கிறது. இதைப் புகாரோடு எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் தானாக வராது. புகாருக்கு மூன்று மாதக் கெடு. தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் காட்டேஜ், ஹோம்ஸ்டே ஊழியர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு

அஞ்சலகம், வெலிங்டன் ராணுவ நிறுவனங்களின் சிவிலியன் பணியாளர்கள் போன்றோருக்கு எழுத்து முறையீடே முதல் வழி. அதற்குக் கெடு உண்டு. எல்லைச் சாலைப் பொறியாளர் ஒருவர் ‘நன்று’ என்ற குறிப்பால் பதவி உயர்வை இழந்தார். உயர்வுக்குத் தேவைப்பட்டது ‘மிக நன்று’. குறிப்பை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. தேவ் தத் என்ற அந்த வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. மத்திய அரசின் 2009 மே மாத ஆணைப்படி முழு அறிக்கையும் ஊழியர் கைக்கு வர வேண்டும். வந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் முறையிட வேண்டும். அதன்மேல் முப்பது நாளில் முடிவு.

எண்ணில் மதிப்பிடுவதால் இங்கே ‘எந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டும்’ என்று பார்ப்பது அவசியம். 8 முதல் 10 மிகச் சிறப்பு. 6 முதல் 8-க்குக் கீழ் மிக நன்று. 4 முதல் 6-க்குக் கீழ் நன்று. 6.3 வாங்கியவர் 6.8 கேட்டுப் போராடுவதில் பெரிய பலன் இல்லை, 5.8 வாங்கியவருக்கு 0.2 ஒரு பதவி உயர்வாக இருக்கலாம். வேலை முடிப்புக்கு 40 சதவீதம், தனிப் பண்புகளுக்கும் செயல் திறனுக்கும் தலா 30 சதவீதம் எடை என்பதால், திருத்தக் கேட்கும் முதல் இடம் வேலை முடிப்புப் பகுதி.

முறையீட்டை நிராகரித்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு வருடம். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதன்பின் ஒரு வருடத்துக்குள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் சொந்த அறிக்கையைக் கேட்கலாம். டான்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) போன்ற மாநில அரசு நிறுவன ஊழியர்களுக்கும் இது பொருந்தும். பதிலுக்கு முப்பது நாள். முறையீட்டுக் கெடுவோ பதினைந்து நாள். நகல் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். முதலில் முறையீட்டைக் கொடுத்துவிட்டு, நகல் வந்தபின் கூடுதல் குறிப்பு சேர்ப்பதே சரி. அடுத்த மேசைக்காரரின் மதிப்பெண்ணைக் கேட்டுப் பயனில்லை. அது தனிப்பட்ட தகவல் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேறு வேலை

கீழே கோவையில் இருப்பவருக்கு இது சுலபமான வழி. தோட்டத்தில் வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். ஜூனில் பள்ளி திறந்தபின் வீட்டைக் காலி செய்வது குழந்தைகளின் ஒரு வருடத்தைப் பாதிக்கும். ஆகவே தோட்ட ஸ்டாஃப் இந்த வழியை எடுப்பதானால் பிப்ரவரி, மார்ச்சில் தேடத் தொடங்கி, கல்வியாண்டு முடியும்போது மாறுவது நல்லது. ஓட்டல்காரர்களுக்கும் தேட அதுவே நேரம்: சீசனுக்கு முன்புதான் ஆள் எடுப்பு. தேடும்போதும் மறுப்பைக் கொடுத்துவிட்டே போங்கள். புது இடத்தார் பழைய மேனேஜருக்குப் போன் போடுவார்கள். கோப்பில் உங்கள் மறுப்பும் இருந்தால் அதைத் தாண்டிப் பேச அவரும் தயங்கலாம்.

மதிப்பீட்டோடு ‘முன்னேற்றத் திட்டம்’, அதாவது பி.ஐ.பி., கையில் கொடுத்தால் முன்னுரிமை மாறிவிடும். பழைய ரேட்டிங்கைப் பற்றிய மறுப்பு ஒரு பத்தியோடு நிற்கட்டும். முழுக் கவனமும் புதிய இலக்கின் மேல் போக வேண்டும். அறுபது, தொண்ணூறு நாள் திட்டங்களில் இலக்கை வருட சராசரியிலிருந்தோ நன்றாக ஓடிய மாதத்திலிருந்தோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஜூனில் தொடங்கும் திட்டத்தில் ஓட்டல் விற்பனையாளருக்கு மே மாத எண்ணையோ, டிசம்பரில் தொடங்கும் திட்டத்தில் ஃபீல்ட் ஆபீசருக்கு அக்டோபர் மகசூலையோ எட்ட முடியாது. கையெழுத்துப் போடும் முன், போன வருடம் அதே மாதங்களின் எண்ணை அடிப்படையாக வைக்கும்படியும், வாரம் ஒருமுறை ஆய்வுக் குறிப்பு தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.